சவுலின் சீராவும் என் மகளின் ஹெல்மெட்டும்



சவுல் ராஜா தன் சீராவைத் தாவீதின் தலையில் வைத்த கதை ஞாயிறு பள்ளியில் நாம் எல்லாரும் கேட்டதுதான். சவுல் மற்ற எல்லாரையும்விட ஒரு தலை உயரம். தாவீதோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளைஞன். ராஜாவின் வெண்கலச் சீராவையும் கவசத்தையும் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தான், சரிப்படவில்லை, கழற்றி வைத்துவிட்டான். பிரசங்கம் கேட்கும்போது நாம் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிக் கூழாங்கற்களுக்குப் போய்விடுவோம். நான் இப்போதெல்லாம் 1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தை வாசித்தால் இங்கேதான் நின்றுவிடுகிறேன். ஏனென்றால் என் மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் சவுலின் சீராதான்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கடையில் அவள் தலைக்குச் சரியாக ஒன்று இருந்தது. நான்தான், "ஒரு சைஸ் பெருசா எடும்மா, ரெண்டு வருஷம் ஓடும்" என்றேன். இது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். கிறிஸ்மஸுக்குச் சட்டை எடுத்தால் தோள் இறங்கித் தொங்கும். பாவாடையில் டக் பிடித்துத் தைத்து, வருஷா வருஷம் பிரித்து விடுவார்கள் நம் அம்மாமார். பள்ளிச் செருப்பின் நுனியில் பஞ்சு வைத்து நடந்தவன் நான். துணியில் அது சிக்கனம். ஹெல்மெட்டில் அது சிக்கனமே அல்ல என்பதை ஒரு மழை நாளில் கற்றுக்கொண்டேன்.

பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டுத் தெருவிலேயே, ஈர ரோட்டில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தாள். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, வாரும் மாட்டியிருந்தது. ஆனால் அது எப்போதும் போல உச்சிக்குப் பின்னால் தொப்பி மாதிரி சாய்ந்திருந்தது. நெற்றி நடைபாதை ஓரத்தில் பட்டது. புருவத்துக்கு மேலே மூன்று தையல். கர்த்தருடைய கிருபை, அதோடு போயிற்று. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஹெல்மெட்டுக்குள் இருப்பது என்ன தெரியுமா? தெர்மோகோல். புது டிவி வரும்போது பெட்டிக்குள் இருக்குமே, அந்த வெள்ளைப் பொருளின் கெட்டியான வகை. விழும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரம்தான் நமக்குக் காப்பு; தலை கல்லில் மோதிச் சட்டென்று நிற்பதற்குப் பதில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது ஏறக்குறைய மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அதாவது, நின்ற சைக்கிளிலிருந்து சாய்ந்து விழுந்தாலே போதும், வேகமாக ஓட்ட வேண்டும் என்பதில்லை. அந்த தெர்மோகோல் தலைக்கும் தரைக்கும் நடுவே இருந்தால்தானே நசுங்கும்? என் மகளுக்கு அது நடுவே இல்லை, பின்னால் இருந்தது.

இந்த நாட்டில் இதன் பின்னணியில் ஒரு தாயின் கதை இருக்கிறது. 1986-ல் பால்மர்ஸ்டன் நார்த் நகரில் ஆரோன் ஓட்டன் என்ற பையன் சைக்கிளில் பள்ளிக்குப் போகும்போது கார் மோதி, தலை நடைபாதை விளிம்பில் பட்டு, மூளையில் நிரந்தரமான சேதம் அடைந்தான். ஹெல்மெட் போட்டிருந்தால் இந்தச் சேதம் ஏறக்குறைய நிச்சயமாக வந்திராது என்று ஒரு மருத்துவர் சொன்னதாக அவன் தாய் ரெபேக்கா ஓட்டன் சொல்வார். அந்தத் தாய் ஆறு வருடம் நாடு முழுவதும் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார். பத்திரிகைகள் அவருக்கு 'ஹெல்மெட் லேடி' என்றே பெயர் வைத்தன. 1994 ஜனவரியில் சட்டம் வந்தது: ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிற எல்லாரும், பின்னால் உட்கார்ந்து வருகிற குழந்தையும்கூட, அங்கீகரிக்கப்பட்ட ஹெல்மெட் அணிய வேண்டும். ஆரோன் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, 2010-ல் தன் 37-ஆம் வயதில் காலமானார்.

இந்தச் சட்டத்தால் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று வாதிடுகிறவர்களும் இங்கே உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. தலைப்பாகை அணிகிற நம் சீக்கிய அயலாரைப் போன்றவர்கள் மத நம்பிக்கையின் காரணமாக எழுத்து மூலம் விலக்குப் பெறவும் வழி இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது, 'முடி கலைஞ்சிடும்' என்பதைத் தவிர.

சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு சொல் உண்டு. தலையில் வைத்தால் போதாது, வாரை மாட்டி உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும். ஆராதனை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நீங்கள் சைக்கிள் எடுக்கும்போது நான் பார்க்கிறேன் தம்பிமாரே: வார் இரண்டு பக்கமும் காதணி மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் அம்மாவின் தையல் டேப்பை எடுங்கள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்து, சென்டிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் 'மீடியம்' ஒவ்வொரு அளவு. அதனால் எழுத்தை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.

ஆனால் எண் பாதிதான் சொல்லும். ஒரே சுற்றளவுள்ள இரண்டு தலைகளில் ஒன்று உருண்டையாக இருக்கும், இன்னொன்று முன்னும் பின்னும் நீண்டிருக்கும். என் தலை இரண்டாவது வகை. போட்டுப் பார்க்கும்போது நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தி, பொட்டுப் பக்கம் விரல் நுழைகிற அளவு இடைவெளி இருந்தால், அந்த ஹெல்மெட் உங்கள் தலைக்கு உருண்டை அதிகம். பொட்டுப் பக்கம் இறுக்கி, முன்னும் பின்னும் லொடலொடத்தால் அதற்கு நேர்மாறு. பின்னால் இருக்கும் திருகு சக்கரத்தை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. அந்தச் சக்கரம் மிச்சமிருக்கும் சிறு தளர்வை எடுப்பதற்குத்தான். தவறான அளவை மூடி மறைப்பதற்கு அல்ல. வேறு கம்பெனியின் ஹெல்மெட்டை எடுத்துப் பாருங்கள்.

பிடித்த ஒன்று கிடைத்தால் கடையிலேயே பத்து நிமிடம் போட்டுக்கொண்டு சுற்றுங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார். கழற்றிக் கண்ணாடியைப் பாருங்கள்: நெற்றியில் ஓர் இடத்தில் மட்டும் சிவப்பாக அழுந்தியிருந்தால் அது வீட்டில் தலைவலியாகும், தலைவலி தருகிற ஹெல்மெட் பிறகு ஆணியில்தான் தொங்கும். சுகமாக இருப்பது சொகுசுக்காக அல்ல, தினமும் போடுவதற்காக.

மாட்டும்போது கண், காது, வாய் என்று நினைவில் வையுங்கள். ஹெல்மெட் மட்டமாக, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும். கண்ணை மட்டும் மேலே தூக்கினால் அதன் விளிம்பு தெரிய வேண்டும். வார்கள் காதுக்குக் கீழே ஆங்கில வி எழுத்துப் போலச் சேர வேண்டும், காதின் மேல் ஓடக்கூடாது. தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழையலாம். பெரிதாகக் கொட்டாவி விட்டால் ஹெல்மெட் உச்சியை அழுத்த வேண்டும். கடைசியில் கையால் நெற்றியிலிருந்து பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். என் மகளுடையதை நான் ஒருநாளாவது அப்படித் தள்ளிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சின்னத் தம்பி தங்கைக்கு மாட்டிவிடும் அண்ணன் அக்காமாரே, பக்கிளைப் பூட்டும்போது உங்கள் விரலைப் பக்கிளுக்கும் அவர்கள் தாடைக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தோலைக் கிள்ளிவிட்டால் போதும், அதன் பிறகு ஒரு மாதத்துக்கு அழுகைதான்.

இனி தங்கைமாருக்கு. உச்சிக் கொண்டை போட்டு அதன் மேல் ஹெல்மெட் வைத்தால் அது மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்துக்கு அருகே தாழ்வாக ஒற்றைப் பின்னல் போடுங்கள். அடர்த்தியான முடி என்றால், சைக்கிள் ஓட்டும் நாளில் எப்படிப் பின்னுவீர்களோ அப்படியே பின்னிக்கொண்டு கடைக்குப் போங்கள். தேங்காய் எண்ணெய் உள்ளே இருக்கும் பட்டைகளில் ஊறி நாறும். அவற்றைக் கழற்றி, மென்மையான சோப்புத் தண்ணீரில் கையால் அலசினால் போதும். பெட்ரோல், தின்னர் எதையும் ஹெல்மெட்டில் படவிடாதீர்கள், ஓட்டைக் கெடுத்துவிடும். ஆக்லாந்து மழையில் ஜாக்கெட்டின் தலைமூடியைப் போட்டு அதன் மேல் ஹெல்மெட் மாட்டுகிற பழக்கமும் வேண்டாம். நாம் பார்த்துப் பார்த்துப் பொருத்திய அளவெல்லாம் அதில் போய்விடும்.

விலையைப் பற்றியும் கேட்பீர்கள். இங்கே சைக்கிள் கடையில் விற்கும் மலிவான ஹெல்மெட்டும் ஒரு தரச் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் 'ஏஎஸ்/என்இசட்எஸ் 2063' போன்ற அங்கீகரிக்கப்பட்ட தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கூடக் கொடுக்கிற பணம் பெரும்பாலும் எடைக் குறைவுக்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது. உள்ளே மெல்லிய வழுக்குப் படலம் வைத்த 'மிப்ஸ்' என்ற வகை, ஸ்வீடனில் ஒரு மூளை அறுவை மருத்துவரும் ஒரு பொறியியல் ஆய்வாளரும் சேர்ந்து உருவாக்கியது. சாய்வாக விழும்போது தலை சுழலும் வேகத்தைக் குறைப்பது அதன் நோக்கம். முடிந்தால் வாங்குங்கள். ஆனால் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்துகிற சாதாரணமே மேல்.

பெரியம்மா மகன் போட்டு மூன்று வருடம் கழித்து உங்களிடம் வரும் ஹெல்மெட்? அவனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணா, இதைப் போட்டுக்கிட்டு விழுந்திருக்கீங்களா?" ஒருமுறை நசுங்கிய தெர்மோகோல் மறுபடி எழும்பாது, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும். விழுந்ததென்றால் அது குப்பைக்குத்தான், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் போட்டு விற்பதை வாங்கவே வேண்டாம், யாரிடம் கேட்பீர்கள்?

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பழைய ஹெல்மெட் இன்றைக்குத்தான் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று கேலி செய்கிறாள். நான் அதை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில், ஒரு தையல் டேப்போடு மண்டபத்து வாசலில் நிற்பேன். உங்கள் ஹெல்மெட்டைக் கொண்டு வாருங்கள், அளந்து பார்த்துவிடலாம். அப்பாமார்களும்தான்.