பொட்டலத்தோடு பயணிக்கும் முகவரி: இணைய வணிகமும் சாதியும்

விடியும் முன்பே கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் அவ்வண்டிகளில் நிலமற்ற தலித் பெண்கள் திரளாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பறிக்கும் ஏலக்காய், போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் கணினித் திரையில் விலைபோகிறது. உரிமம் பெற்ற வணிகர்களே அங்கு விலை கேட்க இயலும். ஆக, கம்பம் பள்ளத்தாக்கிற்கு மின்னணுச் சந்தை புதியதன்று. அச்சந்தையில் கூலியாக நிற்பவர் யார், வணிகராக நிற்பவர் யார் என்பதே நமது கேள்வி.

கைப்பேசி ஒன்று இருந்தால் ஊறுகாயும் மசாலாப் பொடியும் வீட்டிலிருந்தே விற்கலாம் என்று இன்று சொல்லப்படுகிறது. திரைக்குச் சாதி தெரியாது என்றும் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஆனால் திரையில் விற்கும் பொருள் பொட்டலமாகவே வாங்குபவர் வீட்டை அடைகிறது. அந்தப் பொட்டலத்தின் மேல் ஒரு முகவரி இருக்கிறது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பல விற்பனையாளர்களைக் கொண்ட தளம் ஒவ்வொரு விற்பனையாளரின் முகவரியையும் வெளியிட வேண்டும். உணவுப் பொருளாயின், தயாரிப்பவரின் பெயரும் முழு முகவரியும் மேலுறையில் அச்சிடப்பட வேண்டும். நுகர்வோரைக் காக்கும் நல்ல விதிகளே இவை. எனினும் நம் ஊர்களில் முகவரி என்பது வெறும் இருப்பிடக் குறிப்பன்று. 'காலனி' என்ற ஒரு சொல் போதும், தயாரித்தவரின் சாதியை வாங்குபவர் ஊகித்துவிடுவார்.

இந்த அச்சம் கற்பனையன்று. 1917இல் நாடு திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பின்னர் பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். நடத்துபவர் தீண்டப்படாதவர் என்பது தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர், நிறுவனம் மூடப்பட்டது. நூறாண்டு கழித்து, 2018இல், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைத்த சத்துணவுக்கு ஆதிக்க சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சமைத்தவர் யார் என்று பார்த்து உணவை மறுக்கும் மனம், இணையத்தில் மட்டும் மாறிவிடும் என நம்ப இடமில்லை. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் இணைய விளம்பரங்களில் ஒரே கருவியை, ஒன்றில் வெள்ளையர் கையிலும் மற்றொன்றில் கறுப்பர் கையிலும் காட்டிச் சோதித்தனர். கறுப்பர் கை தெரிந்த விளம்பரங்களுக்கு மறுமொழியும் குறைந்தது, கேட்ட விலையும் குறைந்தது.

இதனால் சிலர் நண்பரின் முகவரியிலோ, வேறு சாதியைச் சேர்ந்த கூட்டாளியின் பெயரிலோ தொழிலைப் பதிவு செய்துவிடலாமா என எண்ணுகிறார்கள். இங்கேதான் பொறி இருக்கிறது. அறிவித்தால் சந்தை மறுக்கக்கூடும். மறைத்தால் உரிமை கைவிட்டுப் போகும்.

நடுவண் அரசின் கொள்முதல் கொள்கைப்படி, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு உரியது. இதற்கான வாயில் 2016இல் தொடங்கப்பட்ட 'ஜெம்' என்னும் அரசு மின்சந்தை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் இதற்கு வழிகாட்டுகிறார்கள். இவையெல்லாம் உரிமையாளரின் பெயரையும் சாதிச் சான்றிதழையும் சார்ந்தவை. கொள்முதல் ஒதுக்கீட்டைப் பெற, கூட்டு நிறுவனமாயின் குறைந்தது 51 விழுக்காடு பங்கு நம்மவரிடம் இருக்க வேண்டும். இரவல் பெயரில் நடக்கும் தொழிலுக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே அரசு அறிய வேண்டியதையும் வாங்குபவர் அறியத் தேவையில்லாததையும் நாம் பிரித்தறிய வேண்டும். உத்யம் பதிவில் சமூகப் பிரிவைத் தயங்காமல் குறிப்பிடுக. அப்பதிவு முற்றிலும் இலவசம். தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. அங்கு குறிப்பிடும் சாதியை மேலுறையில் அச்சிட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. மேலுறைக்குக் கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் என முழு முகவரி வேண்டும். சாதியை உணர்த்தும் சொல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கோரவில்லை. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தெருப்பலகை மாறினால் மட்டும் போதாது. ஆதார், உத்யம், உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகிய தரவுகளிலும் பெயர் மாறியதா என்று நாம் சரிபார்க்க வேண்டும். இல்லையேல் பழைய சொல் பொட்டலத்தோடு பயணித்துக்கொண்டே இருக்கும்.

அடையாளத்தைப் பெருமையுடன் முன்வைப்பதும் ஒரு வழியே. 2016இல் சந்திர பான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே மசாலாவையும் ஊறுகாயையும் இணையத்தில் விற்கத் தொடங்கினார். ஆனால் அது தொழில்முனைவோர் தாமே எடுக்க வேண்டிய முடிவு. ஒரு முகவரிச் சொல் அதை அவர்மீது சுமத்தலாகாது.

எல்லையோரத்தில் இருப்பதால் நமக்கு மற்றொரு எச்சரிக்கையும் தேவை. 2023 அக்டோபர் முதல், விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு விற்பனையாளர்கள் ஜி.எஸ்.டி. பதிவின்றியே பெருந்தளங்களில் பொருள்களை விற்கலாம். பான் அட்டையும், ஜி.எஸ்.டி. தளத்தில் பெறும் சேர்க்கை எண்ணும் வேண்டும். ஆனால் விற்பனை தமிழ்நாட்டுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். கம்பத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள குமுளி, வரிச்சட்டத்தின் கண்ணில் வெளிமாநிலம்.

புறக்கணிப்பு நேர்ந்தால் என்ன செய்வது? மனத்துக்குள் மறுத்து, வாங்காமல் போகிறவரைச் சட்டம் தொட இயலாது. ஆனால் இன்னார் தயாரித்தது, வாங்காதீர்கள் என்று குழுக்களில் பரப்பி விலக்கிவைப்பதும், தொழில் செய்யவிடாமல் தடுப்பதும் வேறு. 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். இணையவெளியில் இழிவுபடுத்துவதும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் என 2022இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே இழிவான பின்னூட்டத்தைக் கண்டவுடன் அழித்துவிடாதீர்கள். நாளும் நேரமும் தெரியப் படமெடுத்து, அந்தக் கைப்பேசியையும் பாதுகாத்து வையுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக்க 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்.

ஜீப்பிலிருந்து இறங்கித் தம் பெயரில் ஒரு கடையைத் திறக்கும் பெண்ணுக்கு இணையம் ஒரு வாசல் மட்டுமே. அந்த வாசலைக் கடக்க அவருக்குத் தேவையான படிவங்களையும் சட்டத்தையும் அறிந்து உடன் நிற்பது, படித்த நம் ஒவ்வொருவரின் கடமை.