சேர்வராயன் மலையும் சேனா பலமும்

ஏற்காட்டிற்கு இளைப்பாற வருவோர் குளிர்காற்றையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு களிப்பர். அம்மலை புகட்டும் அரசியற் பாடத்தையே நாம் இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் கும்பினியாரிடம் இழந்தார். மராட்டியரும் நிஜாமும் கொண்டது போக, ராஜ்யத்தில் ஏறக்குறையப் பாதியே எஞ்சிற்று. யுத்த நஷ்டத்திற்கென விதிக்கப்பட்டதோ 3 கோடியே 30 லட்சம் ரூபாய்! நிலம் போகவே வரி போயிற்று. வரி போகவே பீரங்கிக்கு மருந்தும் சிப்பாய்க்குச் சம்பளமும் அளிக்கும் சக்தி குன்றிற்று. சேலத்து வரி எதிரியின் பொக்கிஷத்தை அடைந்தது. ஏழே ஆண்டுகளில், 1799-இல், கோட்டை வீழ்ந்தது. வீரக்குறைவாலா? அன்று, சுல்தான் போரிட்டே மாண்டார்.

ஆயுதம் மட்டும் போதுமென்பாரும் உளர். மலையெனப் படைக்கலம் குவித்த சோவியத் நாடு, பொருளாதாரம் தளர்ந்து 1991-இல் சிதறிற்று.

1965-இல் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சேர்வராயன் மலையின் பாக்சைட் கல் சென்றது. விமானத்திற்கு உடலாவது அவ்வுலோகமே. ஆதலின், படைக்குச் செலவிடுமுன் படையைத் தாங்கும் உழவையும் தொழிலையும் பேணுக என்பதே நம் வேண்டுகோள். களஞ்சியம் வற்றிய நாட்டில் வாள் நெடுநாள் கூர்மையாயிராது.