தங்கம் தேடினால் பட்டன் கிடைக்கும்! மெட்டல் டிடெக்டரில் சிக்கும் 'சில்லறை' வரலாறு

1992 நவம்பரில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ஹாக்சன் கிராமத்தில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த நண்பரிடம் தேடித் தரச் சொன்னார். நண்பர் போய்த் தேடினால், ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தபோது சுமார் 15,000! பிறகு சுத்தியலும் கிடைத்தது. அந்தச் சுத்தியலையும் பிரிட்டிஷ் மியூசியம் விடவில்லை, வாங்கி வைத்துக்கொண்டது.

இப்படி ஒரு கதையைக் கேட்டதும் யாருக்கும் ஒரு டிடெக்டர் வாங்கத் தோணும். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் பையைத் திறந்து பார்த்தால் நிலவரம் வேற. ஆணி, டின் மூடி, தோட்டா ஓடு. அதிர்ஷ்டம் இருந்தால் பட்டன், பெல்ட் பக்கிள், தையல்காரர் விரலில் மாட்டும் உலோக உறை, குதிரைக்குக் கட்டிய சலங்கை மணி. அந்த மணிகள் பலவற்றில் 'ஆர்.டபிள்யூ.' என்ற எழுத்துகள் இருக்கும். 18-ம் நூற்றாண்டில் வில்ட்ஷயரின் ஆல்ட்போர்ன் ஊரில் மணி வார்த்த ராபர்ட் வெல்ஸ் என்பவரின் அடையாளம் அது.

சரி, ஆள் நடமாட்டமே இல்லாத வயலுக்கு நகரத்து பட்டன் எப்படி வந்தது? முக்கியமான காரணம், எரு. பாதாளச் சாக்கடை வராத காலத்தில் நகரத்தின் மனிதக் கழிவையும் குப்பையையும் வண்டியில் ஏற்றி வயல்களில் கொட்டினார்கள். கழிவறைக்குள் விழுந்த காசு, அறுந்த பட்டன் எல்லாம் அதோடு சேர்ந்து கிராமத்துக்குப் போய்விட்டன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஈய முத்திரை. பார்க்க நசுங்கிய ஈயத் துண்டு மாதிரிதான் இருக்கும். அந்தக் காலத்தில் துணி விற்பனைக்கு வருமுன் அளவும் தரமும் சோதித்து, வரி கட்டியாச்சு என்பதற்கு அடையாளமாக இதைத் துணி ஓரத்தில் வைத்து நசுக்குவார்கள். இன்றைய க்யூ.ஆர். கோடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எந்த ஊர்த் துணி, எந்த வருஷம் என்பது சிலவற்றில் இன்னும் படிக்க முடிகிறது. பிரிட்டன் வயல்களில் ரஷ்ய எழுத்து பொறித்த முத்திரைகள்கூடக் கிடைக்கின்றன. ரஷ்யாவிலிருந்து கப்பலில் வந்த சணல், ஆளி நார்க் கட்டுகளில் இருந்தவை. நார்க் கழிவு எருவானபோது முத்திரையும் கூடவே வயலுக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இன்னொன்று, விரல் நீளமே உள்ள ஈயக் குப்பி. இடைக்காலத்தில் கேன்டர்பரி மாதிரியான புனிதத் தலங்களுக்குப் போனவர்கள் தீர்த்தம் அடைத்து வந்தது. இதுவும் வயல்களில்தான் அதிகம் கிடைக்கிறது. விளைச்சல் பெருக அந்தத் தீர்த்தத்தை நிலத்தில் தெளித்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. நம்மூர் ஆட்களுக்கு இதை நம்ப பெரிய விளக்கம் தேவைப்படாது.

இவற்றை விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. இவற்றின் மதிப்பெல்லாம் 'எங்கே கிடைத்தது' என்பதில்தான். ஒரு முத்திரை வெறும் ஈயம். நூறு முத்திரைகளை மேப்பில் புள்ளி வைத்தால், எந்த ஊர்த் துணி எதுவரை போனது என்று தெரியும். எடுத்தவர் இடத்தைக் குறிக்காமல் டப்பாவில் போட்டுவிட்டால் அந்தத் தகவல் போச்சு. திரும்ப வராது.

அதனால்தான் இங்கிலாந்தில் 1997-ல் பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்யும் திட்டம் தொடங்கப்பட்டது. இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியுள்ளன, யாரும் ஆன்லைனில் இலவசமாகப் பார்க்கலாம். சட்டப்படி 'புதையல்' என்றால் 14 நாட்களுக்குள் அதிகாரியிடம் சொல்லியே ஆகணும். ஆனால் பட்டனும் முத்திரையும் பொதுவாக அந்தக் கணக்கில் வராது. அவற்றைப் பதிவு செய்வது எடுத்தவர் மனசைப் பொறுத்தது.

'நானும் ஒரு டிடெக்டர் ஆர்டர் போடலாமா?' என்று யோசிப்பவர்களுக்கு: இங்கே கதை வேறு. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கணும் என்கிறது. தொல்லியல் துறையால் பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம்.