குறுஞ்செய்தியும் எழுத்துதானா?

கைப்பேசியில் அனுப்பும் குறுஞ்செய்தியை எழுத்தென்று ஒப்பலாமா என்று மயிலாப்பூர்ப் பெரியவர்கள் சிலர் வினவுகிறார்கள். சுருக்கமே குற்றமென்றால் நாம் உடன்படோம். மயிலையிலேயே கோயில் கொண்டுள்ள திருவள்ளுவர் ஏழே சீர்களில் அறம் உரைத்தவரல்லவா? தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றின் அளவு 70 குறிகள். எழுத்தும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். முதற் குறளோ, இடைவெளிகளையும் சேர்த்து, 45 குறிகளில் அடங்கிவிடுகிறது!

நாம் காணும் குறை வேறு. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். அவ்வெழுத்தானால் ஒரு செய்தியில் 160 குறிகளுக்கு இடமுண்டு. முற்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழெழுத்தே இல்லை. அன்று அது மன்னிக்கத்தக்கதே. ஆனால் 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மகாநாட்டையொட்டி அரசாங்கம் தமிழ் விசைப்பலகையை வகுத்தது. 2005-இல் ‘செல்லினம்’ கைப்பேசிக்குத் தமிழைக் கொணர்ந்தது. இன்று அநேகமாக எல்லாக் கைப்பேசிகளிலும் தமிழுண்டு. இனிச் சாக்கு ஏது?

அந்நிய எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். குழந்தைக்கு ளகரமும் மறந்துபோம். பாட்டிக்குப் பேரன் ‘சௌக்கியமா?’ என்று ஒரே சொல்லைத் தமிழில் எழுதினாலும் அது எழுத்தே. வீட்டுக்கு ஒருவரேனும் இன்றே தொடங்குவாராக.