ஸ்கேனர் வாங்க முன் இதை வாசியுங்கள்

1990, 91இல் போரால் யாழ்ப்பாணத் தீவகத்தை விட்டுச் சனம் ஓடியபோது பலர் நகையையும் பித்தளைச் சாமான்களையும் வளவுக்குள் தாட்டுவிட்டுத்தான் வள்ளம் ஏறினார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் உலோகம் தேடும் ஸ்கேனர் வாடகைக்கு எடுத்து, குறிகட்டுவானுக்குப் போகும் வழியிலுள்ள பாழ்வளவுகளை இரவில் கிண்டுகிறார்கள். வேறு சிலருக்கு ஒல்லாந்தர் காசுக் கனவு. இரு பகுதியாரும் செய்யும் பிழை ஒன்றே: முதலில் கருவி, பிறகு தோண்டல், பிடிபட்ட பின்தான் சட்டம்.

கருவி விற்பவர்கள் சொல்லும் ஆழத்தை நம்பாதீர்கள். கையில் பிடிக்கும் சாதாரணக் கருவி ஒற்றைக் காசை ஒரு சாண் ஆழத்தில், மிஞ்சினால் ஒன்றரைச் சாணில் காட்டும். கிடாரம் அளவு பொருளென்றால் ஒரு மீற்றர் அளவில் பிடிக்கலாம். முன்னும் பின்னும் பெட்டி பூட்டிய ஆழத்தேடல் கருவி அதற்கும் கீழே போகும். ஆனால் மோதிரமும் காசும் அதற்குத் தெரியாது. அவசரத்தில் மண்வெட்டியால் தாட்ட செம்பு முழங்கால் ஆழத்தைத் தாண்டியிருப்பது அரிது. அதற்கு இலட்சக்கணக்கில் செலவழித்து ஆழக் கருவி எதற்கு? கரையோர உவர் மண்ணின் ஈரம் மலிவான கருவியைச் சும்மா சும்மா கத்த வைக்கும். நிலத்தை ஊடுருவும் ராடாரும் அந்த ஈரத்தில் குருடாகிவிடும். ‘தங்கத்தை மட்டும் காட்டும்’ கருவி என்று ஒன்றில்லை. மெல்லிய மோதிரமும் அலுமினியத் துண்டும் அநேகமாக ஒரே சத்தம்தான் தரும்.

தூரத்திலிருந்தே புதையலின் திசையைக் காட்டுவதாகச் சொல்லும் அன்ரனாக் கம்பிகள் முழு ஏமாற்று. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானைக் குண்டு கண்டுபிடிக்கும் கருவியென்று ஈராக்குக்கே விற்ற ஜேம்ஸ் மக்கோர்மிக்குக்கு 2013இல் பிரித்தானிய நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அதே வகைக் கம்பிதான் உங்களுக்கும் வருகிறது. வாங்காதீர்கள்.

இனிச் சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட, இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். தொல்பொருள் தேடி நிலத்தைத் தோண்டத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணி என்றாலும் வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் வேண்டும். 1998 திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. பிணையில் வந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு: தீவகத்து அல்லைப்பிட்டியில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளே இந்த மண்ணின் பழமைக்குச் சாட்சி. திருடர் கிண்டிய குழியில் அந்தச் சாட்சியமும் போய்விடும்.

குடும்ப நகை தொல்பொருளல்ல. ஆனால் இரவில் ஸ்கேனரோடு நிற்பவரைப் பார்த்து பொலிஸ் அந்த வித்தியாசத்தை எண்ணிக்கொண்டிருக்காது. ஆகவே மண்வெட்டியைத் தொட முன் கடதாசியைத் தயார் செய்யுங்கள். யார், எந்த ஆண்டு, வளவின் எந்த மூலையில், என்ன பொருளைத் தாட்டார்கள் என்பதைச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசியாக முடியுங்கள். காணி உறுதிப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, நகையோடு எடுத்த பழைய கலியாணப் படம் இருந்தால் அதையும் இணையுங்கள். புங்குடுதீவும் நயினாதீவும் வேலணைப் பிரதேச செயலகத்துக்குள் வரும். நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் உண்டு. இவற்றோடு ஒரு கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கு எழுதி, பிரதிகளைக் கிராம அலுவலருக்கும் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் கொடுங்கள். கருவி பாவிக்கப் போவதையும் அதில் எழுதி, அதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் சுங்கத்திடமும் முன்கூட்டியே கேளுங்கள்.

‘நாளைக்கு வாங்கோ’ என்று அலைக்கழிப்பார்கள். ஒரு கடிதத்தை வாங்கிப் பதிவதற்கு மக்களை மூன்று மேசைக்கு அனுப்பும் இந்தப் பழக்கம்தான் பலரை இரவில் தோண்ட வைக்கிறது. அதிகாரிகள் இதை உணர வேண்டும். நீங்கள் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அனுமதி கிடைத்தால் பகலில், கிராம அலுவலர் பார்த்திருக்கத் தோண்டுங்கள்.

கருவி கத்துவது செம்புக்கு மட்டுமல்ல, வெடிக்காத ஷெல்லுக்கும்தான். போர் நடந்த மண் இது. துருப்பிடித்த இரும்பு தென்பட்டால் தட்டிப் பார்க்காதீர்கள், தூக்காதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி, பிள்ளைகளை விலக்கி, 119க்கு அழையுங்கள். பழைய காசோ சிலையோ வந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்தி, அசைக்காமல் படமெடுத்து, அன்றைக்கே அறிவியுங்கள்.