உயரமானவர்களுக்கு ஏற்ற மிதிவண்டி அளவு

மிதிவண்டிப் பொருத்தம் என்பது ஓட்டுபவரின் கால், முதுகு, கை ஆகியவற்றின் நீளத்துக்கு ஏற்ப வண்டியின் சட்டம், இருக்கை, கைப்பிடி, கிராங்க் ஆகியவற்றை அமைத்துக்கொள்வதாகும். கடைகளில் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை நடுத்தர உயரம் உள்ளவர்களைக் கருத்தில் கொண்டு செய்யப்படுகின்றன. அவற்றை 190 செ.மீ.க்கு மேல் உயரமுள்ளவர்கள் ஓட்டும்போது முழங்கால் வலி, இடுப்பு வலி, கை மரத்துப்போதல் போன்ற தொல்லைகள் வரக்கூடும். மிதிவண்டி தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி ஓட்டுவதையே விட்டுவிடுபவர்களும் உண்டு. அளவைச் சரிசெய்தாலே இத்தொல்லைகளில் பல நீங்கிவிடும்.

கால் தரையில் எட்டினால் போதுமா?

இருக்கையில் உட்கார்ந்து, கால் தரையில் எட்டுகிறதா என்று பார்த்து வண்டி வாங்குவது நம் வழக்கம். குள்ளமானவர் மிகப் பெரிய வண்டியை வாங்கிவிடாமல் இருக்க இச்சோதனை உதவும். உயரமானவருக்கு இது உதவாது. ஏறக்குறைய எல்லா வண்டியிலும் அவர் கால் எட்டிவிடும். இரு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்கு இருக்கை தாழ்ந்திருந்தால், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடும். இருக்கை சரியான உயரத்தில் இருக்கும்போது நுனிக்கால் மட்டுமே தரையில் படும். வண்டியை நிறுத்தும்போது இருக்கையிலிருந்து முன்பக்கம் இறங்கி நிற்கப் பழக வேண்டும்.

உட்கால் நீளமும் இருக்கை உயரமும்

ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் வேறாக இருக்கலாம். ஆகவே முதலில் அளக்க வேண்டியது உட்கால் நீளம், அதாவது கவட்டிலிருந்து தரை வரையுள்ள நீளம். வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி, பாதங்களைச் சுமார் 15 செ.மீ. அகற்றி நிற்கவும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே வைத்து, முதுகுப்புறம் சுவரில் படும்படி மேலே அழுத்திப் பிடிக்கவும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உட்கால் நீளம் கிடைக்கும்.

டூர் டி பிரான்ஸ் போட்டியில் 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு இது:

இருக்கை உயரம் (கிராங்க் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை) = உட்கால் நீளம் × 0.883

பந்தய வண்டிச் சட்ட அளவு = உட்கால் நீளம் × 0.65

உட்கால் நீளம் 80 செ.மீ. உள்ளவருக்கு இருக்கை உயரம் 70.6 செ.மீ., சட்டம் 52 செ.மீ. ஆகும். 95 செ.மீ. உள்ளவருக்கு இவை 83.9 செ.மீ., ஏறத்தாழ 62 செ.மீ. ஆகும். இக்கணக்கு ஒரு தொடக்கமே. மிதிகட்டை மிகக் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது நல்லது. முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வாகவும், பின்புறம் வலித்தாலோ மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ இருக்கை மிக உயரமாகவும் இருக்கலாம்.

இருக்கையை மட்டும் உயர்த்துவதால் வரும் சிக்கல்

சிறிய வண்டியின் இருக்கையை உயர்த்திச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் இருக்கைக் குழாய் நேராக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. அது தரையுடன் 73 பாகைக் கோணத்தில் இருந்தால், சீட் பில்லரை 10 செ.மீ. வெளியே இழுக்கும்போது இருக்கை 9.6 செ.மீ. உயர்வதோடு 2.9 செ.மீ. பின்னாலும் போகும். உடல் எடை பின்சக்கரத்தின் மேல் விழுவதால், மேடு ஏறும்போது முன்சக்கரம் இலேசாகி நிலை தடுமாறும். கைப்பிடி எட்டத்திலும், இருக்கையைவிடத் தாழ்வாகவும் ஆகிவிடும். குனிந்து எட்டிப் பிடிப்பதால் முதுகும் மணிக்கட்டும் வலிக்கும்.

சீட் பில்லரில் ஓர் எல்லைக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு குழாய்க்கு வெளியே தெரியும்படி பில்லரை இழுக்கக் கூடாது. மீறினால் பில்லர் முறியலாம், சட்டத்தில் விரிசல் விழலாம், ஓட்டுபவர் கீழே விழலாம்.

சட்டமும் சக்கரமும்

சக்கர அளவை வைத்து வண்டியின் அளவை முடிவுசெய்வது தவறு. 29 அங்குலச் சக்கரம் உள்ள வண்டிகளும் சிறியது, நடுத்தரம், பெரியது எனப் பல சட்ட அளவுகளில் வருகின்றன. உயரமானவர் பார்க்க வேண்டியது சட்டத்தின் உயரத்தையும், கைப்பிடி வரையுள்ள நீளத்தையும்தான். நம் நாட்டின் பழைய கறுப்பு வண்டிகளில் 22, 24 அங்குலச் சட்டங்கள் உண்டு. அவை முறையே சுமார் 56, 61 செ.மீ. ஆகும். உயரமானவருக்கு 24 அங்குலமே ஏற்றது. மக்கள் உயரமாக இருக்கும் நெதர்லாந்தில் அன்றாட வண்டிகள் 65 செ.மீ. சட்டத்திலும் கிடைக்கின்றன. உயரமானவர்கள் பொதுவாக எடையும் கூடியவர்கள் என்பதால், 36 கம்பிகள் கொண்ட சக்கரமும் அகன்ற டயரும் நல்லவை.

கிராங்க் நீளம்

கடை வண்டிகளில் கிராங்க் பெரும்பாலும் 165 முதல் 175 மி.மீ. வரையே இருக்கும். கால் நீளத்துக்கேற்ப இது கூட வேண்டும் என்பர் சிலர். ஆனால் 2001இல் வெளியான மார்ட்டின், ஸ்பிர்டுசோ ஆகியோரின் ஆய்வில், 120 முதல் 220 மி.மீ. வரை கிராங்கை மாற்றியும் உச்சத் திறன் சுமார் 4 விழுக்காடே மாறியது. மிக நீண்ட கிராங்க் திருப்பங்களில் தரையில் இடிக்கவும் கூடும். எனவே சட்டத்தையும் இருக்கையையும் சரிசெய்த பிறகே இதற்குச் செலவிடலாம்.

வளரும் மாணவர்களுக்கு

சரியான அளவு அமைந்தால் உயரம் ஒரு தடையன்று. 204 செ.மீ. உயரமுள்ள கானர் டன் 2018இல் அயர்லாந்தின் தேசிய சாலைப் பந்தயத்தில் வென்றார். வளரும் வயதில் கால் விரைவாக நீள்வதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கால் நீளத்தை அளந்து இருக்கையைச் சரிசெய்வது நல்லது. எல்லைக்கோட்டைத் தொட்ட பின்னும் இருக்கை தாழ்வாக இருந்தால், நீளமான பில்லர் சிறிது காலம் கைகொடுக்கும். கைப்பிடியும் எட்டாமல் போனால், அந்த வண்டியைத் தம்பி தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் பெரிய சட்டம் வாங்குவதே முறை.