கரந்ததைத் தேடும் ஆட்டங்களும் ஆடுவோர் தீர்ப்பும்

ஒரு பொருளை ஒருவர் மறைக்க மற்றவர் தேடும் ஆட்டங்கள் நாட்டார் வழக்கிலும் இன்றைய கைப்பேசியிலும் ஒருங்கே காணப்படுகின்றன. மணலில் குச்சியை ஒளிக்கும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் முன்னதற்குச் சான்று. பொருள்கள் நெருங்கிக் கிடக்கும் படமொன்றில் பட்டியலிட்டவற்றைக் கண்டெடுக்கும் புதிராட்டம் பின்னதற்குச் சான்று. இவ்வாட்டங்களின் விதிகளைக் காட்டிலும், எது நேரான மறைப்பு, எது ஏமாற்று என ஆடுவோர் வழங்கும் தீர்ப்பே இங்கு ஆராயப்படுகிறது.

இத்தீர்ப்புக்கு விளையாட்டாய்வில் உரிய இடம் கிட்டவில்லை. தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ ஆட்டங்களைப் பகலாட்டு, இரவாட்டு எனப் பகுத்து, ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை முதலிய தலைப்புகளில் விளக்குகிறது. ஆடுவோர் கருத்து என்பது அத்தலைப்புகளுள் ஒன்றன்று. விதிகளே அழிந்துவிடக்கூடும் என்ற நிலையில் முதலில் அவற்றைப் பதிவுசெய்ய முனைந்த நூலில் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் 1956 முதல் 1961 வரை சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அச்சொல்லாய்வறிஞரின் வழியைப் பின்பற்றுவோர், ஆடுகளத்தில் எழும் சச்சரவின் சொற்களையும் தொகுத்திருக்க வேண்டும்.

கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தில் மணலை நீண்ட கரையாகக் குவித்து, சிறு குச்சியொன்றை விரல்களிடையே பற்றி, கரைக்குள் முன்னும் பின்னும் நகர்த்தி ஓரிடத்தில் விட்டுவிடுவர். எதிராளி இரு கைகளையும் கோத்து, குச்சி இருக்குமெனக் கருதும் இடத்தைப் பொத்த வேண்டும். மேற்பார்வைக்கு இது குருட்டுவாய்ப்பு ஆட்டம். ஆயினும் தேர்ந்த ஆட்டக்காரர் மணலைப் பார்ப்பதில்லை. மறைப்பவரின் முழங்கையையும் முகத்தையுமே பார்க்கின்றனர். குச்சியை விட்ட பின்னரும் வெறுங்கையை நகர்த்திக் காட்டுவது மறைப்பவரின் திறம். குச்சியைக் கரைக்கு வெளியே எடுத்துவிடுவதோ கள்ள ஆட்டம். இரண்டுமே ஏமாற்றுதான், ஒன்று பாராட்டையும் மற்றொன்று சண்டையையும் பெறுகிறது. இவ்வெல்லையை எழுதப்பட்ட விதி எதுவும் வகுக்கவில்லை. ஆடுவோரின் சொற்களே வகுக்கின்றன.

அச்சொற்கள் வளமானவை. ‘கள்ள ஆட்டம்’ விதிமீறலைச் சுட்டுகிறது. ‘அழுகுணி ஆட்டம்’ தோல்வியை ஏற்க மறுப்பவரைச் சுட்டுகிறது. குற்றம் ஆட்டத்தில் அன்று, ஆளிடத்தில். ‘போங்கு’ இவ்விரண்டையும் தழுவி, இன்று இளையோரிடையே பரவலாக வழங்குகிறது. யாழ்ப்பாண வழக்கில் ‘அளாப்புதல்’ என்பது ஏறத்தாழ இதே பொருளைத் தருகிறது. ஆட்டத்தையும் ஆளையும் பிரித்துக் குறை கூறும் இச்சொல்லமைப்பு, விளையாட்டைப் பற்றிய முறையான திறனாய்வின் தொடக்கம் எனக் கருதத்தக்கது.

ஆட்டத்துக்கு நிலமும் துணைநிற்க வேண்டும். வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டை போன்ற பாசனப் பகுதி ஊர்களின் களிமண்ணில் குச்சி வழுக்கிச் செல்லாது. ஆற்றுமணலோ, வீடு கட்டக் கொட்டிய மணலோ வேண்டும். கைப்பேசி ஆட்டத்துக்கு இத்தடை இல்லை. ஆனால் அங்கே முழங்கையும் இல்லை, முகமும் இல்லை. மறைத்தவர் எதிரில் இராமையால் ‘போங்கு’ என்று சொல்லக் கேட்பாரும் இல்லை. எனவே தீர்ப்பு விண்மீன் மதிப்பீடாக மாறுகிறது.

அவ்வகை ஆட்டங்களில் 2005இல் வெளியான ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ பரவலாக அறியப்பட்டது. 2017இல் வந்த ‘ஹிடன் ஃபோக்ஸ்’ கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களில், கால வரம்பின்றித் தேட விடுகிறது. ஒவ்வொரு தேடற்பொருளுக்கும் சிறு குறிப்பொன்றையும் தருகிறது. ஆடுவோர் பொதுவாகக் கூறும் குறைகள், பொருள் மிகச் சிறிது, நிழலில் நிறம் கலந்துவிட்டது, குறிப்புக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது என்பன. இவை கண்ணைப் பற்றியவை. திரையைச் சற்றுப் பெரிதாக்கினால் பாதி தீரும். தமிழாய்வுக்கு உரியது சொல்லைப் பற்றிய குறை.

பட்டியலில் ‘படி’ என்றிருப்பதாகக் கொள்வோம். ஆடுபவர் மாடிப்படியைத் தேடுகிறார். படத்தின் மூலையில் நெல்லளக்கும் படி இருக்கிறது. மாடிப்படி படத்தில் இல்லையெனில், கண்டதும் சிரிப்பு வருகிறது. அதுவும் படத்திலிருந்து, அதனைத் தொட்டும் ஆட்டம் ஏற்க மறுத்தால் சினம் வருகிறது. முன்னது சிலேடை, பின்னது போங்கு. மறைப்பின் நேர்மைக்கு இதனினும் தெளிவான அளவுகோல் தேவையில்லை: விடை தெரிந்தபின் அதுவே விடை என ஆடுபவர் ஒப்ப வேண்டும்.

இவ்வளவுகோல் தமிழ்ப் புலமை மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை வகைப்படுத்துகையில் ஒப்புமையை ஒரு வழியாகக் கொள்கிறது. ஒப்புமை பொருந்தாவிடில் விடையை எவரும் ஏற்கமாட்டார். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும் ஒரு செய்யுளுக்குள் மற்றொன்றை மறைப்பவை. காதைகரப்பில் ஈற்றிலிருந்து எழுத்துகளை இடைவிட்டு எடுக்கும் முறை உண்டு. அம்முறை அறிந்தவர் எவரும் ஒளிந்த செய்யுளை அடையலாம். சித்திரகவியை வெறும் சொல்விளையாட்டு என ஒதுக்கும் திறனாய்வாளர், அதில் தேடுபவருக்கு மறைப்பவர் செய்யும் இந்த ஒப்பந்தத்தைக் கருதுவதில்லை.

இவ்வொப்பந்தம் மொழிபெயர்ப்பில் எளிதில் முறிந்துவிடும். ஆங்கிலப் பட்டியலில் ‘பேட்’ என்ற சொல் ஆட்டமட்டையையும் வௌவாலையும் குறிக்கும். படத்தில் வௌவாலை ஒளிப்பது அம்மொழியினருக்கு நயம். தமிழில் ‘வௌவால்’ என எழுதினால் புதிரே கெடும். ‘மட்டை’ என எழுதினால் வௌவாலுக்கு வழியில்லை, தமிழர் தென்னைமட்டையைத் தேடத் தொடங்குவர். எனவே தமிழுக்கெனப் பட்டியல் அமைப்போர் சொல்லைப் பெயர்ப்பதை விடுத்து, மாலை, அன்னம், திரி, வேங்கை போன்ற தமிழ்ப் பலபொருட் சொற்களிலிருந்து தொடங்கி, அவற்றுக்கேற்பப் படத்தையே புதிதாக வரைய வேண்டியிருக்கும்.